பெயர் கிடைக்கவில்லை, ஆனால் பொய் சொல்லவில்லை: சுங்கை சிப்புட் துப்பாக்கிக் கடை

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பழைய துப்பாக்கியைச் செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடைக்குப் போனேன். ஐந்து வாரம் கழித்து ஒரு முழுப் பெயர்கூடக் கிடைக்காமல்தான் திரும்பினேன். அப்படியும் நான் கொடுத்த 300 வெள்ளியில் ஒரு சென்கூட வீண் போகவில்லை. வீட்டில் இப்படி ஒரு பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இருக்கும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று கடை முதலாளியான தவுக்கே கேட்டுக்கொண்டார். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை. வேடிக்கை பார்க்க ஆட்கள் வருவது அவருக்குப் பிடிக்காது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் ரயில் நிலையத்துப் பக்கம் பழைய கடை வரிசையில் நின்று, துரைமாரின் துப்பாக்கியைப் பழுது பார்த்த தவுக்கே எங்கே என்று வயதானவர்களைக் கேட்டால் காட்டுவார்கள். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பா தோட்டம் தோட்டமாக சைக்கிளில் சாமான் விற்றவர், மகனும் கூடவே போய்த் தமிழ் பேசிப் பழகிக்கொண்டார். என்னை முதல் நாளிலிருந்தே 'தங்கச்சி' என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

துப்பாக்கி எங்கள் கைக்கு வந்த கதை இது. தாத்தா துரை பங்களாவில் சமையல்காரர். அந்தத் துரை 1962-இல் ஊருக்குத் திரும்பியபோது, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த இந்தத் துப்பாக்கியைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தா அதைப் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், பதிந்துகொண்டார். பிறகு உரிமம் அப்பா பெயருக்கு வந்தது. அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டலாக இருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எப்படித் தவறமாட்டாரோ அப்படி உரிமத்தைப் புதுப்பிப்பதிலும் தவறமாட்டார். அவர் காலமானதும் பாலாயில் தெரிவித்தோம். உரிமம் என் பெயருக்கு மாறும்வரை துப்பாக்கியை இந்தக் கடையில் பாதுகாப்பாக வைக்கும்படி ஆனது. தவுக்கேயை எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமோ அனுமதியோ இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 'தாத்தா காலத்துச் சாமான்தானே' என்று பரண்மேல் போட்டு வைத்திருப்பவர்கள் முதலில் பாலாய்க்குப் போங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

குழலின் வாய் வழியாக மருந்து போட்டு, குண்டு போட்டு, சலாகையால் இடித்துக் கெட்டிக்கும் வகைத் துப்பாக்கி. நீளம் 55 அங்குலம். எனக்கு எட்டு வயதில் அது என்னைவிட உயரம். விசையை அழுத்தினால் அடிக்கும் சுத்தி போன்ற குதிரைக்குப் பின்னால் உள்ள இரும்புத் தகட்டில் ஒரு கிரீடம். முன்பக்கம் 'டவர்' என்று ஆங்கிலத்தில், அதோடு 1861. இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்கள் குடும்பத்தில் கதை வளர்ந்தது: லண்டன் டவர் கோட்டையில் ராணிக்காகச் செய்தது, துரை ராஜ பரம்பரை என்றெல்லாம். போன வருடம், வேறொரு பெரிய ஊரில் பழம்பொருள் மதிப்பீடு செய்யும் ஒருவருக்குப் படங்கள் அனுப்பினேன். 600 வெள்ளி வாங்கிக்கொண்டு, தங்க ஓரம் போட்ட தாளில் 'லண்டன் டவர் அரச ஆயுதச்சாலைத் தயாரிப்பு' என்று எழுதி அனுப்பினார். துப்பாக்கியைக் கையால் தொடவில்லை. அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். நம்பித்தான் மாட்டினேன்.

தவுக்கேயிடம் அந்தத் தாளைக் காட்டியபோது ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இரும்பு பேசட்டும், தங்கச்சி. பேப்பர் அப்புறம்," என்றார்.

முதல் நாள் அவர் செய்த முதல் வேலையைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். முத்திரை எதையும் பார்க்கவில்லை. சலாகையை உருவி, மெதுவாகக் குழலுக்குள் இறக்கினார். அது நின்றதும் குழல் வாய்க்கு நேராகச் சலாகையில் விரல் வைத்து அடையாளம் பிடித்தார். பிறகு அதை வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கம் அதே அளவில் ஒட்டி வைத்துப் பார்த்தார். சலாகையின் நுனி குழலின் அடிப்பாகம் வரை போகவில்லை. சுமார் மூன்று அங்குலம் குறைந்தது.

அவர் முகம் மாறியது. "தங்கச்சி, தள்ளி நில்லுங்க. உள்ளே மருந்து இருக்கு."

தாத்தா இறந்தது 1971-இல். தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி வந்து வேரைக் கிளறுகிற காலத்தில் அவர் கெட்டித்து வைத்தது அது. அதற்குப் பிறகு யாரும் அந்தக் குழலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தத் துப்பாக்கி எங்கள் லயத்து வீட்டு அலமாரி மேலும், பிறகு பட்டணத்து வீட்டு நடுக்கூடத்திலும் மருந்தோடு இருந்திருக்கிறது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடமானாலும் சாகாது என்றார் தவுக்கே. எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு தீபாவளி. என் தம்பி பொம்மைத் துப்பாக்கிக் கேப்பைக் கிழித்து, குதிரை அடிக்கும் அந்தச் சிறு முனையில் வைத்து, எங்கள் சின்னத்தை மகளைக் குறிபார்த்துக் குதிரையை விட்டான். கேப்பு 'டப்' என்றது, எல்லாரும் கைதட்டினோம். தீ உள்ளே போகிற ஊசித்துளை துருவால் அடைத்துக்கிடந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பிள்ளை இன்று கிள்ளானில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அன்றே அதை எடுத்தார். எப்படிச் செய்தார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, யாரும் வீட்டில் முயற்சி செய்யக்கூடாது. வெளியே வந்தது: கறுத்துப் போன ஒரு காகித அடைப்பு, வெள்ளைப் பொடி பூத்த ஒரு ஈயக் குண்டு, கட்டியாகிப் போன மருந்து. மருந்தைத் தண்ணீரில் கரைத்துவிட்டார். குண்டை நகைக்கடைத் தராசில் நிறுத்தார். 17 கிராம். அந்தக் காகித அடைப்பில் எழுத்து தெரிந்தது. தமிழ். ஒரு செய்தித்தாளின் ஓரம். இரண்டு சொல்தான் படிக்க முடிந்தது, 'விலை' என்றும் 'ரப்பர்' என்றும். தாத்தா கிழித்துத் திணித்த காகிதம். மதிப்பீட்டுக்காக மட்டும் போயிருந்தால் இந்த ஒன்றுக்கே நான் திருப்தியாகத் திரும்பியிருப்பேன்.

முத்திரை ஆராய்ச்சி அதற்குப் பிறகுதான். ஐந்து வாரத்தில் நாலு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் காட்டுவார், விளக்குவார், மறுபடி அடுத்த வாரம் என்பார். அவசரக்காரர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது.

டவர் கதையை அவர் உடைத்தது இரண்டாம் வாரம். லண்டன் டவர் என்பது அரசாங்கம் ஆயுதங்களை வாங்கிச் சோதித்துச் சேர்த்து வைத்த இடம். அரசாங்கத்துக்கு ஒப்பந்தத்தில் செய்த துப்பாக்கிகளில் அந்தச் சொல்லைப் பொறித்தார்கள். வாங்குகிறவர்களுக்கு அது நம்பிக்கைச் சொல் என்பதால், தனியார் வியாபாரத்துக்குச் செய்ததிலும் அதையே போட்டார்கள். அரசாங்கத்துத் துப்பாக்கி என்றால் கிரீடத்துக்குக் கீழே ராணி விக்டோரியாவைக் குறிக்கும் 'வி.ஆர்.' இருக்க வேண்டும். அரசாங்கச் சொத்து என்பதைக் காட்டும் அகன்ற அம்பு முத்திரை எங்காவது இருக்க வேண்டும். எங்களுடையதில் கிரீடம் மட்டும். அம்பு எங்கும் இல்லை. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "நீங்களே தேடுங்க," என்றார். அரை மணி நேரம் தேடினேன். இல்லை.

மாதிரி எது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. குழல் 39 அங்குலம், அதைக் கட்டையோடு பிடிக்கும் பூண் மூன்று, வாய் 0.577 அங்குலம். 1853 மாதிரி என்ஃபீல்ட், பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி. 1857-இல் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்களே, கொழுப்புத் தடவிய தோட்டா என்று பள்ளியில் படித்தோமே, அந்தத் தோட்டா இந்த மாதிரித் துப்பாக்கிக்காக வந்ததுதான். அதற்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு உள்ளே வரி இல்லாத 0.656 அங்குல வழவழப்புக் குழல் கொடுத்தார்கள், தூரம் சரியாகப் போகாது. எங்கள் குழலுக்குள் விளக்குப் பிடித்துக் காட்டினார்: திருகிக்கொண்டு போகும் மூன்று பள்ளம், வாய்ப்பக்கம் தேய்ந்திருந்தாலும் எண்ணலாம். ஆக அதுவும் இல்லை.

குழலின் இடது பக்கம், பின் முனைக்கு அருகில், எங்கள் குடும்பத்தில் யாரும் கவனிக்காத சின்ன முத்திரைகள் இருந்தன. அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்யவில்லை. மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து உரசினார். சின்ன வயதில் நாணயத்தின்மேல் தாள் வைத்து உரசுவோமே, அதேதான். தாளில் மேலே வந்தது ஒரு கிரீடம், அதன் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், செங்கோல்களின் இடையில் 'பி', 'பி', 'சி'. பக்கத்தில் அதேபோல் இன்னொன்று, அதில் 'வி'. இருபுறமும் 25 என்ற எண்.

அது இங்கிலாந்தில் உள்ள பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை. 1813-இல் சட்டம் போட்டு நிறுவியது, பான்பரி தெருவில் இன்றும் இருக்கிறது. குழல் வெடிக்காமல் தாங்குமா என்று வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கியதற்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். 'வி' என்றால் கண்ணால் பார்த்துச் சோதித்தது. லண்டன் சோதனைச் சாலையின் அடையாளமே வேறு. ஆக 'லண்டன் தயாரிப்பு' என்று தங்க ஓரத் தாளில் எழுதியவர், குழலின் இடது பக்கத்தைப் படத்தில்கூடப் பார்க்கவில்லை. அந்தப் படம் நான் அனுப்பியதில் இருந்தது.

25 என்பது அளவு. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமாக 25 குண்டாக உருட்டினால் ஒரு குண்டு என்ன பருமனோ, அந்தப் பருமன் உள்ள அளவுக்கட்டை குழலுக்குள் போகும், 24-க்குரியது போகாது. 1855 சட்டத்துக்குப் பிறகு குத்தியது இது. தகட்டில் உள்ள 1861 நம்பக்கூடியது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி என்றார்.

ஆனால் சோதித்தவர் முத்திரை வேறு, செய்தவர் பெயர் வேறு. நான் கேட்டது செய்தவரை. மூன்றாம் வாரம் பூண்களைக் கழற்றிக் குழலைக் கட்டையிலிருந்து தூக்கினார். அந்த நாளை மறக்க மாட்டேன். குழலின் அடியில், நூற்று அறுபது வருடம் வெளிச்சம் படாத இடத்தில், இரும்பு நீலமாகவே இருந்தது. அங்கே இரண்டு எழுத்து. கட்டையில் குழல் படுக்கும் பள்ளத்தில் வேறு இரண்டு எழுத்து. குதிரைத் தகட்டைக் கழற்றினால் உள்பக்கம் இன்னும் இரண்டு. மூன்றும் வேறு வேறு. ஆணிகளில், பூண்களின் உள்பக்கத்தில், தகட்டின் ஓரத்தில் எல்லாம் அரத்தால் வெட்டிய ஒரே மாதிரி அடையாளம்: மூன்று கீறல், ஒரு குறுக்கு.

கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க அடியில் வெட்டு வெட்டி வைப்போமே, அதுபோலத்தான் இந்தக் கீறல். என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலையில் அமெரிக்க இயந்திரங்களை வைத்துச் செய்தார்கள், ஒரு துப்பாக்கியின் ஆணி இன்னொன்றுக்குப் பொருந்தும். பர்மிங்காமில் கையால் அரம் பிடித்துச் செய்தார்கள். ஒன்றின் ஆணி இன்னொன்றில் ஏறாது, அதனால் கோடு வெட்டிச் சேர்த்து வைத்தார்கள். குழல் அடிப்பவர் ஒருவர். குதிரைப் பூட்டு அரம் போடுபவர் இன்னொருவர். அந்த வேலைக்குப் பக்கத்து ஊரான டார்லஸ்டன் பேர்போனது. கட்டை செதுக்குபவர் வேறு, ஆணி போட்டுச் சேர்ப்பவர் வேறு, கடைசியில் மெருகேற்றுபவர் வேறு. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் கூடையில் தூக்கிக்கொண்டு போவார்களாம்.

அப்படியானால் செய்தவர் யார் என்று மறுபடியும் கேட்டேன். அவர் என்னையே கேட்டார்.

"உங்க அம்மா பால் வெட்டினாங்க இல்லே?"

"ஆமா தவுக்கே. முப்பத்திரண்டு வருஷம்."

"ஸ்டோர்ல பால் ஊத்தினது யாரு? ஆசிட் போட்டது யாரு? மிஷின்ல உருட்டினது, புகை வீட்டுல தொங்கவிட்டது?"

ஒவ்வொருவர் பெயரையும் சொன்னேன். எல்லாரும் எங்கள் லயத்து ஆட்கள்.

"ரப்பர் ஷீட்ல யாரு பேரு இருந்துச்சு?"

தோட்டத்து முத்திரை இருந்தது. வேறு எதுவும் இல்லை. அம்மாவின் கை பட்ட ஷீட் எத்தனை எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கும். ஒன்றிலும் அம்மா இல்லை. கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தவுக்கே எழுந்து போய் இரண்டு கோப்பி ஓ வாங்கிவந்து வைத்தார்.

ஒப்பந்தக்காரர் பெயர் இருந்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு, தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையின் பக்கவாட்டில் வட்ட முத்திரையாக. அந்த இடம் எங்களுடையதில் வழவழ என்று இருக்கிறது. அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் மணல்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பார். நானும் தேய்த்திருக்கிறேன். தவுக்கே அந்த இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நீண்ட நேரம் பார்த்தார், விரலால் தடவினார், ஒரு வளைவின் சுவடு மட்டும் இருக்கிறது என்றார். அந்த வளைவை வைத்து ஏதாவது ஒரு பிரபலமான பெயரைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், விலையும் ஏறியிருக்கும். சொல்லவில்லை. பர்மிங்காம் தொழிலாளர் பெயர்ப் பட்டியல் உள்ள கெட்டி அட்டைப் புத்தகத்தில் அந்த எழுத்து ஜோடிகளுக்குப் பொருந்தும் பெயர்களை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஐந்தாறு பேர். "இதுல ஒண்ண எடுத்து உங்க பேப்பர்ல எழுதினா, நான் திருடன்," என்றார்.

ஆகவே எனக்குக் கிடைத்தது இவ்வளவு: 1853 மாதிரி, பர்மிங்காமில் கையால் செய்தது, 1861 காலத்தது, அரசாங்கத்துக்கு இல்லாமல் வியாபாரத்துக்குச் செய்தது, குறைந்தது மூன்று தொழிலாளிகளின் எழுத்து உள்ளது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஒவ்வொரு உரசல் தாளையும் ஒட்டி, எந்த இடத்தில் எடுத்தது, என்ன அளவு, எதனால் இந்த முடிவு என்று மலாயில் எழுதிக் கொடுத்தார். வேறு யாரிடம் கொண்டுபோனாலும் அவர்கள் சரிபார்க்கலாம். தங்க ஓரத் தாளில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். இரண்டு தடவை வீணாகப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், ஒரு பக்கத்தைப் படிக்க என் மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. தட்டச்சு செய்த அறிக்கை வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். விலை மதிப்புச் சொல்லவே மாட்டார், எத்தனை தடவை கேட்டாலும். வாகனம் நிறுத்த இடம் இல்லை, சந்தைப் பக்கம் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கட்டணம் முத்திரை ஆராய்ச்சிக்கு 180, மருந்து எடுத்துச் சுத்தம் செய்ததற்கு 120.

துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தரும்படி நான் கேட்டதற்கு அவர் கோபப்பட்டார், இதையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் மணல்தாள் வைக்காதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள், குதிரையைச் சும்மா இழுத்து விடாதீர்கள். முக்கியமாக, குழலுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்தவர் ஒருவர் பார்க்கும்வரை பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தங்க ஓரத் தாளைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது குழல் அடியில் இருந்த இரண்டு எழுத்தின் பென்சில் உரசலும், பக்கத்தில் தாத்தா கிழித்துத் திணித்த செய்தித்தாள் துண்டும் இருக்கின்றன. ஈயக் குண்டு பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில். தைப்பூசம் முடிந்ததும் அடைத்துப்போன அந்தச் சிறு முனையைப் பார்ப்பதாகத் தவுக்கே சொல்லியிருக்கிறார், தம்பியையும் அழைத்துக்கொண்டு போகப் போகிறேன்.